புள்ளியை நம்பிப் புறப்படலாமா?



சென்ற மாதம் சம்பளத்துக்கு மறுநாள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். "டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா?" என்றான். எப்படி மறக்கும்? கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு வாய்பாட்டை முதல் ஆளாக ஒப்பிக்கும் பிள்ளை அவன். இன்று பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மாதம் 2,600 வெள்ளி சம்பளம். அவனைப் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கையில் ஒரு கடித உறை இருந்தது.

"டீச்சர், எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கதான். இதில எங்கே தப்புன்னு நீங்களே பாருங்க" என்று உறையை என் மேசைமேல் வைத்தான்.

அது வங்கியிலிருந்து வந்த கடன் அட்டைக் கணக்கு. அதன் கதையைக் கேளுங்கள். இது உங்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம்.

இவனுடைய பாட்டி எங்கள் தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். 1952இல், ஒன்பது வயதுச் சிறுமியாக, நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். பிறகு ஊரைப் பார்க்கவே இல்லை. ரஜுலா எழுபதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985இல் தீப்பிடித்தது. அத்தோடு கப்பல் பயணமும் முடிந்தது. விமானத்தில் போக அந்தக் காலத்தில் பாட்டியிடம் ஏது பணம்? "கண்ணை மூடறதுக்குள்ளே குலசாமியை ஒரு தடவை பார்த்துடணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பேரன் வேலைக்குப் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரங்காடியில் ஒரு மேசை போட்டு, கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் இவனை அழைத்தார். "இந்த அட்டையில் பொருள் வாங்கினால் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் விமானச் சீட்டு இனாம். இன்றே கையெழுத்துப் போட்டால் பயணப் பெட்டி ஒன்றும் இனாம்" என்றார். பாட்டியின் முகம் இவன் கண்முன் வந்தது. கையெழுத்துப் போட்டான். பள்ளி விடுமுறையில் ஐந்து பேர் திருச்சிக்குப் போய்வர, பெட்டிக் கட்டணமும் சேர்த்து 6,000 வெள்ளியை அந்த அட்டையிலேயே கட்டினான். பாட்டி குலசாமியைப் பார்த்தார், பொங்கல் வைத்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

குறை அதற்குப் பிறகு தொடங்கியது. மாதாமாதம் வந்த கடிதத்தில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் போட்டிருந்த பணத்தை ஒரு மாதமும் தவறாமல் கட்டினான். ஓராண்டு ஆயிற்று.

"டீச்சர், இதுவரைக்கும் 3,000 வெள்ளி கட்டிட்டேன். இன்னும் ஏறக்குறைய 3,900 நிக்குது. ஆறாயிரத்தில் மூவாயிரம் போனா மூவாயிரம்தானே?"

வாசகர்களே, பையன் கணக்கில் தப்பில்லை. அவனை ஏமாற்றியது "குறைந்தபட்சம்" என்ற அந்த ஒரு சொல். அதைக் கட்டினால் கடன் ஒழுங்காக அடைகிறது என்று நம்மவர்கள் பலர் எண்ணுகிறார்கள். அபராதம் விழாமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நம் நாட்டில் கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து தவணை தவறாமல் கட்டியவருக்கு 15. அப்படி இல்லாதவருக்கு 17 அல்லது 18. 18 விழுக்காடு என்றால் மாதத்துக்கு ஒன்றரை. 6,000 வெள்ளிக்கு முதல் மாத வட்டி 90 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை நூற்றுக்கு 5. அதாவது 300 வெள்ளி சொச்சம். அதில் 90 வட்டிக்குப் போய்விட்டால், கடனில் கழிவது ஏறக்குறைய 210தான். கடன் குறையக் குறைய, கட்டச் சொல்லும் தொகையும் குறைகிறது. ஆகவே கடன் ஆமைபோல் நகர்கிறது. 50 வெள்ளிக்குக் கீழே இறங்காமல் குறைந்தபட்சத்தை மட்டுமே கட்டி, வட்டியும் 18இலேயே நின்றால், இந்த ஆறாயிரம் அடைய ஆறு ஆண்டு ஆகும். வட்டி மட்டும் ஏறக்குறைய 2,300 வெள்ளி. அது இன்னும் இரண்டு பேர் திருச்சிக்குப் போய்வரும் பணம் அல்லவா?

சரி, இனாமாக வரும் என்ற புள்ளி எங்கே? அதையும் பார்த்தேன். ஐந்து வெள்ளிக்கு ஒரு புள்ளி வீதம் 6,000 வெள்ளிக்கு 1,200 புள்ளி. ஒருவருக்கு ஒரு வழிச் சீட்டுக்குக்கூட அது எட்டாது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். புள்ளி விஷயத்தில் மட்டும் பல்லைப் பிடித்தே பாருங்கள் என்கிறேன் நான். ஏனென்றால் இது தானம் அல்ல; வியாபாரம். பார்ப்போமா?

முதல் வகை, விமான நிறுவனங்களே நடத்தும் உறுப்பினர் திட்டம். இது பெரிய அளவில் தொடங்கியது 1981இல், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில். அடிக்கடி பறக்கும் வியாபாரிகள் வேறு விமானத்துக்குப் போய்விடாமல் கட்டிவைக்கும் கயிறு அது. இன்று மலேசியா ஏர்லைன்சுக்கு என்ரிச், சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு கிரிஸ்ஃபிளையர் என்று இருக்கின்றன. சேருவதற்குப் பணம் இல்லை. பறக்கும்போது புள்ளியோ மைலோ கணக்கில் ஏறும். ஆனால் மூன்று விஷயத்தை நினைவில் வையுங்கள். ஒன்று, புள்ளி பறக்கிறவர் பெயரில்தான் ஏறும். பணம் கட்டியவர் பெயரில் அல்ல. ஐந்து பேர் போனால் ஐந்து கணக்கில் சிதறிப்போகும். இரண்டு, சேர்த்த புள்ளி மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும். மூன்று, புள்ளியால் வாங்கிய சீட்டுக்கும் வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். முழு இனாம் என்று ஒன்று கிடையாது.

இந்த இரண்டாவது விஷயத்தில் நானே ஏமாந்தவள். தம்பி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கச் சென்னை போனபோது ஆசையாக உறுப்பினராகச் சேர்ந்தேன். புள்ளி ஏறியது. அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று பத்திரமாக வைத்திருந்தேன். அடுத்த பயணம் ஐந்து ஆண்டு கழித்துத்தான் வாய்த்தது. திறந்து பார்த்தால் சுழியம்! நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். பச்சைக் கீரையை மூட்டை கட்டி வைக்கலாமா? புள்ளி, கீரை மாதிரி.

இரண்டாம் வகை, மலிவு விலை விமானம். ஏர் ஏசியாவின் புள்ளியைப் பயணக் கட்டணத்தில் பணம்போலக் கழித்துக்கொள்ளலாம். சிறு தொகைக்கும் அது பயன்படும் என்பது நமக்கு வசதி. ஆனால் இங்கே பெட்டி, இருக்கை, சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. முறுக்குப் பெட்டியும் சேலை மூட்டையும் இல்லாமல் நாம் ஊருக்குப் போனதுண்டா? ஆகவே விளம்பரத்தில் போட்ட விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். பெட்டியும் பிள்ளைகளும் சேர்ந்த மொத்த விலையை ஒப்பிடுங்கள். சில நாள்களில் பெட்டியும் சாப்பாடும் உள்ளடங்கிய பெரிய விமானத்தின் சீட்டே மலிவாக வந்துவிடும்.

மூன்றாம் வகை, கடன் அட்டை. இதற்கு ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. 2025இல் வந்த குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, ஆண்டுக்கு 20,400. ஆகவே அந்தச் சம்பளம் மட்டும் வாங்கும் தொழிலாளிக்கு அட்டை கிடைக்காது. பட்டணத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும். குடும்பத்தின் ஆசை முழுவதும் அந்த ஓர் இளம் தோளில் ஏறுவது இப்படித்தான்.

நம் வீட்டுச் செலவுக்கு அந்த அட்டை என்ன தரும்? மளிகை, எண்ணெய் என்று மாதம் 800 வெள்ளி அட்டையில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வெள்ளிக்கு ஒரு மைல் என்றால் மாதம் 160, ஆண்டுக்கு 1,920, மூன்று ஆண்டுக்கு 5,760. அதற்குள் முதலில் சேர்த்தது காலாவதியாகத் தொடங்கிவிடும். ஐந்து பேர் குடும்பம் இப்படிச் சேர்த்து எந்தக் காலத்தில் பறப்பது? அதே செலவுக்கு நூற்றுக்கு ஒரு வெள்ளி திருப்பித் தரும் அட்டை என்றால் ஆண்டுக்கு 96 வெள்ளி ரொக்கமாக வரும். அட்டைக்கு ஆண்டுதோறும் உள்ள சேவை வரி 25 வெள்ளியைக் கழித்தால் 71. பெரிய தொகை இல்லை. ஆனாலும் கையில் இருக்கும் வெள்ளி. சிறு செலவுக் குடும்பத்துக்கு மைல் அட்டையைவிடப் பணம் திருப்பித் தரும் அட்டையே மேல். மைல் அட்டை, கம்பெனிச் செலவில் மாதாமாதம் பறக்கிறவர்களுக்கு.

கடன் அட்டையே பாவம் என்று நான் சொல்லவில்லை. கெடு நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்கு வட்டி ஒரு காசும் இல்லை. கட்ட முடியாதவருக்குத்தான் அது கங்காணி கடைப் பற்று மாதிரி; எழுத எழுத நீளும். அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பது அதைவிட மோசம். தனிக் கட்டணம் உண்டு. வட்டியும் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும்.

அப்படியானால் பாட்டியை ஊருக்கு அழைத்துப் போக வழி என்ன?

வழி, பறப்பதற்கு முன் சேர்ப்பது. 6,000 வெள்ளியை இருபத்து நான்கு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 250. வீட்டில் சம்பாதிக்கிறவர் மூன்று பேர் என்றால் தலைக்கு 84 வெள்ளி. பயணத்துக்கென்றே ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து, சம்பள நாளன்றே போட்டுவிடுங்கள். கூட்டுச் சீட்டில் மட்டும் போடாதீர்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தொழிலாக நடத்துவது குற்றம். பிடித்தவர் ஓடிப்போனால் கேட்க நாதி இல்லை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் பெற்றோர் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு விமானச் சீட்டு வாங்க முடியாதா?

பணம் சேர்ந்த பிறகு, தீபாவளியும் பொங்கலும் பள்ளி விடுமுறையும் இல்லாத வாரத்தில், சில மாதம் முன்கூட்டியே வாங்குங்கள். புள்ளிக்காகக் காத்திருந்து கிடைப்பதைவிட இதில் மிச்சம் அதிகம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் நேரடி விமானம் இருக்கிறது. 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்தும் சென்னைக்கு இண்டிகோ தொடங்கியது. வடக்கே இருப்பவர்கள் தலைநகர் வரை போகும் பஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கடப்பிதழ், விசா செலவை மறவாதீர்கள். உறுப்பினர் திட்டத்தில் இனாமாகச் சேர்ந்துகொள்ளுங்கள், வந்தால் வரட்டும். ஆனால் பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள். லயத்தில் கூப்பிடும் பெயரை எழுதினால் புள்ளியும் ஏறாது, சீட்டிலும் தொல்லை.

இனி, அந்தப் பையன். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அட்டையில் இனி ஒரு காசும் ஏற்றுவதில்லை. மிகைநேரச் சம்பளத்தையும் சேர்த்து மாதம் 500 வெள்ளி கட்டுவது என்று முடிவாயிற்று. அப்படிக் கட்டினால் ஒன்பதே மாதத்தில் கடன் தீரும். அவ்வளவும் கட்ட இயலாத நிலையில் இருப்பவர்கள் வெட்கப்படாமல் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். 2006இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிலையம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

எழுந்து போகும்போது, "டீச்சர், பாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அந்தப் பயணத்தைப் பத்தித்தான் இன்னும் எல்லார்கிட்டேயும் சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது. பாட்டியின் மகிழ்ச்சிக்கு அவன் கொடுத்த விலை அதிகமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வட்டிக்குப் போன பணம் பாட்டிக்குப் போன பணம் அல்லவே!

இந்த வாரத்து வீட்டுப்பாடம் பெரியவர்களுக்கு. பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் மூன்று கோடு போடுங்கள். முதலில் பயணத்தின் மொத்தச் செலவு, அடுத்து மாதம் சேர்க்க முடிந்த தொகை, மூன்றாவதாகப் புறப்படும் மாதம். எழுதியதைப் பிள்ளையையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விடை சரியாக வந்தால் பாட்டியிடம் தேதியைச் சொல்லிவிடலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.