செவுள் பார்த்து வாங்குகிறோம், செய்தியை அல்ல

ஞாயிறு காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்கும் முருங்கைக்காய்க்கும் வரும் தில்லித் தமிழர் கூட்டத்தில் டாக்டர் இருப்பார், வேதியியல் படித்தவர் இருப்பார், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர் இருப்பார். எய்ம்ஸ் அடுத்த மெட்ரோ நிறுத்தம். பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், கே.எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகமும் இதே ஊரில்தான். இவ்வளவு படித்த நாம் தமிழ் விக்கிப்பீடியாவின் அறிவியல் பக்கங்களுக்கு என்ன செய்தோம்? எட்டிப் பார்த்து, "தரமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

2018-இல் மீனில் ஃபார்மலின் என்ற பீதி கேரளத்தில் கிளம்பிச் சென்னைக்கும் பரவியது. செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் நாம், செய்தியை அப்படிப் பார்க்கவில்லை. ஃபார்மால்டிஹைடை நீரில் கரைத்தால் ஃபார்மலின். உடற்கூறியல் கூடங்களில் உடல்களைக் கெடாமல் வைப்பது அது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. ஆனால் சில கடல்மீன்களில், செத்த பிறகு, அது தானாகவே சிறிதளவு உண்டாகும். ஆகவே இருக்கிறதா என்று கேட்டால் போதாது, எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். விரைவாகச் சோதிக்க ஒரு கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருந்தது. இதையெல்லாம் தமிழில் நாலு பத்தி எழுதிவைக்க நம்மில் பலருக்கு அரை நாள் போதும். எழுதவில்லை. வாட்ஸப்பில் வந்ததை ஃபார்வர்டு செய்தோம்.

எழுத இடம் இல்லாமலும் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதற்கு அடித்தளமிட்ட இ. மயூரநாதன் இலங்கைத் தமிழர், கட்டடக்கலைஞர். அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகள் ஆயின. ஆனால் பல அறிவியல் பக்கங்கள் சில வரிகளோடு நின்றுவிட்டன. 2009 வாக்கில் கூகுள் ஆள்வைத்து ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்து ஏற்றியபோது, உருப்படியில்லாத வாக்கியங்களைச் சீர்செய்யும் சுமை தன்னார்வலர் சிலர் தலையில் விழுந்தது. நாம் அப்போதும் வேடிக்கைதான் பார்த்தோம்.

துறை தெரிந்தவர் கை வைத்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2005-இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் தலைப்புகளை நிபுணர்களைக் கொண்டு ஒப்பிட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சராசரி 4 பிழை, பிரிட்டானிக்காவில் 3. பிரிட்டானிக்கா அந்த ஆய்வு முறையையே மறுத்தது. ஆனாலும் இளக்காரமாகப் பேசியவர்கள் யோசிக்க வேண்டியதாயிற்று. 2017-இல் நீல் தாம்ப்சன், டக்ளஸ் ஹான்லி என்ற ஆய்வாளர்கள் புதிதாக எழுதவைத்த வேதியியல் கட்டுரைகளில் ஒரு பாதியை மட்டும் விக்கிப்பீடியாவில் ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றிய பாதியின் சொற்கள் பிறகு வந்த ஆய்வுக் கட்டுரைகளில் கூடுதலாகத் தலைகாட்டின. ஆய்வாளரே அங்கிருந்து எடுக்கிறார் என்றால், மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் புராஜெக்ட் எழுதும் பிள்ளை வேறெங்கே போகும்?

நேரமில்லை என்றோம். கலைச்சொல் இன்னும் முடிவாகவில்லை என்றோம். யார் வேண்டுமானாலும் அழிக்கக்கூடிய இடத்தில் எழுதுவதா என்றோம். உண்மைக் காரணத்தை வெளியே சொல்லவில்லை: அதில் பெயர் வராது, பதவி உயர்வுக்கும் உதவாது. 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தபோது துறை அறிஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நாம் ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம் கேட்டுக் கைதட்டினோம்; அதையே தமிழ்த் தொண்டாக எண்ணிக்கொண்டோம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. அவரவர் துறையில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வது, ஆதாரம் காட்டி எழுதுவது, பிறர் திருத்தினால் கோபிக்காமல் பேசித் தீர்ப்பது, புதிய ஆய்வு வந்தால் சேர்ப்பது. அடுத்த முறை பிழையான வரியைக் கண்டால் அதைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிக்காமல், 'தொகு' என்பதை அழுத்துவோம். "தரமில்லை" என்று சொல்லும் உரிமை அதற்குப் பிறகு வரட்டும்.