அழுத கண்ணும் அமைதி பெற்ற நெஞ்சும்



2021ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை வீடு வீடாக மவுத்துச் செய்தியைக் கொண்டுவந்த நாட்கள் அவை. எங்கள் மத்ரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் வாப்பா அந்நோயில் வஃபாத்தானார். மூடிக் கட்டிக் கொணரப்பட்ட ஜனாஸாவின் முகத்தைக்கூட வீட்டார் பார்க்க இயலவில்லை. சில நாட்கள் கழித்து ஆறுதல் கூறச் சென்றேன். இத்தாவிலிருந்த அச்சகோதரி திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஹஜ்ரத், அழுதால் ஈமான் குறைந்து போகும் என்கிறார்களே, மெய்தானா?”

“ஸபூர் செய்யுங்கள் தங்கச்சி, அல்லாஹ் இருக்கிறான்” என்று கூறிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கூறியது பொய்யன்று. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையுமன்று. நபிகளாரின் வாழ்க்கை வரலாற்றைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகின்ற நான், அந்த வீட்டு வாசலில் நின்றபோது அதில் ஒரு பக்கத்தையும் நினைவுகூரவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறே நெஞ்சில் வந்து நின்றது.

மக்காவின் மக்ஸூம் கோத்திரத்துச் செல்வ மகளாகப் பிறந்தவர் அவர். ஹிந்த் என்பது இயற்பெயர். கணவர் அபூ ஸலமா (ரலி) அவர்களுடன் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்று திரும்பியவர். பின்னர் மதீனாவுக்குப் புறப்பட்ட வேளையில் பிறந்த வீட்டார் வழிமறித்து, “எங்கள் பெண்ணை விடமாட்டோம்” என்று பிடித்துக்கொண்டனர். கணவரின் குலத்தாரோ, “அப்படியானால் எங்கள் பிள்ளை உங்களிடம் இராது” என்று குழந்தை ஸலமாவைப் பற்றி இழுத்தனர். அந்த இழுபறியில் பச்சிளங் குழந்தையின் கை மூட்டு பிசகிற்று. கணவர் தனியே மதீனா சென்றார். குழந்தை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். ஒரே நாளில் ஒரு குடும்பம் மூன்றாகப் பிரிந்தது.

அதன்பின் அன்னையார் என்ன செய்தார்கள்? நாள்தோறும் காலையில் அப்தஹ் என்னும் வெளிக்குச் சென்று அமர்ந்து, மாலை மங்கும்வரை அழுதார்கள். ஓராண்டு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவான காலம் இப்படியே கழிந்தது. வாசகர்கள் இவ்விடத்தில் சிறிது நிற்க வேண்டுகிறேன். ஈமானுக்காக வீட்டையும் நாட்டையும் துறக்கத் துணிந்தவர் அவர். அவர் ஓராண்டு அழுதார் என்று நம் வரலாறு மறைக்காமல் பதிந்து வைத்திருக்கிறது. அதனால் அவருடைய ஈமான் தேய்ந்தது என்று எவரும் எழுதவில்லை. அந்தக் கண்ணீரைக் கண்டு மனமிரங்கிய உறவினர் ஒருவர் பரிந்து பேசியதாலேயே விடுதலை கிடைத்தது. குழந்தையும் திரும்ப வந்தது.

கைக்குழந்தையுடன் ஒட்டகத்தில் தன்னந்தனியே புறப்பட்டார்கள். தன்ஈம் என்னுமிடத்தில் உஸ்மான் இப்னு தல்ஹா எதிர்ப்பட்டார். அவர் அப்போது முஸ்லிமல்லர். துணைக்கு யாருமில்லையா என்று கேட்டார். அல்லாஹ்வும் இந்தப் பிள்ளையுமே துணை என்றார்கள் அன்னையார். அவர் ஒட்டகத்தின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். தங்குமிடம் வந்ததும் ஒட்டகத்தைப் படுக்க வைத்துவிட்டு, அப்பால் ஒரு மரத்தடிக்குச் சென்றுவிடுவார். குபா சிற்றூர் தென்பட்டதும், உன் கணவர் இங்கேதான் இருக்கிறார் என்று காட்டிவிட்டு, வந்த வழியே மக்கா திரும்பினார். அவரைவிடக் கண்ணியமான ஒருவரைத் தாம் கண்டதில்லை என்று அன்னையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். அல்லாஹ்வையே துணையென்று சொன்ன பெண்ணுக்கு அவன் அனுப்பிய பாதுகாப்பு, மாற்றுக் கொள்கையுடைய ஒரு மனிதரின் நாணயமாக வந்தது. (அவர் பின்னர் ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவினார்.)

சோதனை அத்துடன் முடியவில்லை. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் அபூ ஸலமா (ரலி) பெற்ற காயம் ஆறியது போலிருந்து மீண்டும் உடைந்து, அடுத்த ஆண்டு அவர்களின் உயிரைப் பறித்தது. துன்பம் நேரும்போது நற்கூலியையும், இழந்ததைவிடச் சிறந்ததையும் அல்லாஹ்விடம் கேட்குமாறு அண்ணலார் (ஸல்) கற்றுத் தந்திருந்த துஆவை அன்னையார் ஓதினார்கள். ஓதும்போதே, அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்ற எண்ணம் உள்ளத்தில் எழுந்ததாம். அதையும் அவர்களே ஒளிக்காமல் கூறுகிறார்கள். மனம் ஒப்பவில்லை, ஆயினும் நா துஆவைக் கைவிடவில்லை. இத்தா முடிந்தபின் அண்ணலாரே மணம் பேசி அனுப்பினார்கள்.

ஒப்பாரியும் மாரடித்தலும் ஆடை கிழித்தலும் தடுக்கப்பட்டவை, அதில் ஐயமில்லை. கண்ணீர் தடுக்கப்படவில்லை. தம் குழந்தை இப்ராஹீம் மடியில் உயிர்விட்டபோது நபிகளாரின் கண்கள் நீர் வடித்தன. யூசுபைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துயரால் வெளுத்ததைத் திருமறை கூறுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈமான், அச்சமின்மையைக் குறிக்கும் ‘அம்ன்’, அடைக்கலப் பொருளாகிய அமானத் ஆகிய மூன்றும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். குறைஷ் அத்தியாயத்தில் அல்லாஹ் தன் அருளை நினைவூட்டும்போது பசிக்கு உணவளித்ததையும் அச்சம் தீர்த்ததையும் சேர்த்தே சொல்கிறான். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு முஃத்தாவில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தவுடன், அவர் வீட்டாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு அண்ணலார் கட்டளையிட்டார்கள். நாமோ மவுத்தான வீட்டில் மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் பந்தியில் அமர்கிறோம்! அடுப்பெரியாத வீட்டில் நாம் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டாரைப் பார்த்து ஸபூர் செய்யச் சொல்கிறோம். என்னையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மறுநாள் என் மனைவி சோற்றுப் பாத்திரத்துடன் அவ்வீட்டுக்குச் சென்று, நான் சொல்லி அனுப்பிய இந்த வரலாற்றை முழுவதும் கூறினார். கேட்டுக்கொண்டிருந்த அச்சகோதரி நெடுநேரம் அழுதாராம். பிறகு, “அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள்?” என்று கேட்டாராம். என் மனைவிக்கு விடை தெரியவில்லை.

அதை அச்சிறுவனிடமே சொல்லி அனுப்பினேன். அப்பிள்ளைகளில் ஒருவரான உமர் இப்னு அபீ ஸலமா, அண்ணலாரின் வீட்டிலேயே வளர்ந்தார். உணவுத் தட்டில் அவருடைய சின்னக் கை அங்குமிங்கும் துழாவுவதைக் கண்டு, அல்லாஹ்வின் பெயர் கூறும்படியும், வலக்கையால் உண்ணும்படியும், தன் பக்கத்தில் உள்ளதை எடுக்கும்படியும் அண்ணலார் கற்றுக் கொடுத்தார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் நாம் சொல்லிக் கொடுக்கும் அந்தப் பாடம், தகப்பனை இழந்த ஒரு பிள்ளைக்குச் சொல்லப்பட்டது.

“இதை நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோமே ஹஜ்ரத்!” என்றான் பையன். உம்மாவிடம் சொல்வதற்காக வீட்டை நோக்கி ஓடினான்.