மூன்று மாதக் கணக்கு

இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாக இனிப்பை நிறுத்திவிடும் பெரியவர்கள் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை அன்று சற்றுக் குறைந்தே வரும். மறுநாள் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் இரண்டாம் முறையும் விழும்.

எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையிடம் இந்த உபாயம் பலிக்காது. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்பவை. அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்வதால், இரண்டு மூன்று மாதங்களின் சராசரி அதில் பதிவாகிவிடுகிறது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை அதன் வாசற்படி. இரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் பிறழக்கூடும். மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நடைப்பயிற்சி தொடங்கிய பதினைந்தாம் நாளே இதைப் பார்த்து, "குறையவில்லையே" என்று மனம் சோர்வதில் பொருளில்லை. மூன்று மாதம் பொறுத்திருந்து பார்ப்பதே முறை. வாசற்படியில் நின்ற இந்தியர்களிடையே நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டுகளுக்குள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளர் ஆயினர். உணவையும் உழைப்பையும் மாற்றித் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவரில் அது 39 பேரே.

ஏற்கெனவே மாத்திரை உண்பவர்க்கு மறுபரிசோதனை இன்னும் அவசியம். உணவும் நடையும் சீர்பட்டபின் பழைய அளவே மிகையாகி, வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் எனத் தாழ்சர்க்கரை வருவதுண்டு. தனியே வசிக்கும் முதியவர் அப்போது விழுந்தால் தூக்கிவிட ஆளிராது. சீட்டைக் காட்டினால் அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவர் பார்ப்பார். ஏகாதசி உபவாசம் இருப்பவர் அதையும் அப்போதே சொல்லி, அன்றைய மாத்திரைக்கு வழி கேட்டுக்கொள்வது நலம்.