அர்த்தநாரிக்கு ஒதுக்கிய நேரம்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். பெரிய கோயிலுக்கு மலையின் மறுபக்கம், மேற்கே, அடி அண்ணாமலை இருக்கிறது. ஆதி அண்ணாமலையார் கோயிலுக்கு வருகிறவர்களில் சிலர் அதே ஊரில் மாணிக்கவாசகருக்கு உள்ள கோயிலுக்கும் போகிறார்கள். திருவெம்பாவையின் இருபது பாடல்களும் அண்ணாமலையில் அருளப்பட்டவை என்பது சைவ மரபு. பாடியவர் பாண்டியனின் அமைச்சராக இருந்து துறவியான ஓர் ஆண். பாட்டில் பேசுகிறவளோ, மார்கழி விடியலில் தோழியின் வாசலில் நின்று அவளை எழுப்பும் பெண். பொய்கையில் நீராடுவதும், வரப்போகும் கணவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதும் அவள் குரலில்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆண் ஓதுவார்கள் அந்தக் குரலை ஏற்றுப் பாடிவருகிறார்கள். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

வைணவத்திலும் இதே வழக்கம் உண்டு. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிறார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகிறார். ஆணின் உடலோடு பெண்ணின் ஏக்கத்தைப் பேசுவதைப் பக்தியின் உச்சங்களில் ஒன்றாகவே தமிழ் கொண்டாடியது.

அண்ணாமலையின் திருவிழாக்களில் இந்த எல்லை இன்னும் வெளிப்படையாகவே கரைகிறது. பார்வதி பவழக்குன்றில் தவம் செய்து இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்பது தலபுராணம். கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணியை ஒட்டி, உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுவதற்கு முன், அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளியே வந்து இரண்டொரு நிமிடங்களில் உள்ளே போய்விடுவார். ஆண்டுக்கு ஒரே ஒரு முறை. அந்தச் சில நிமிடங்களுக்காக லட்சக்கணக்கானோர் காத்துக் கிடக்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்கும் கோலத்தைப் பார்த்த பிறகுதான் மலையில் தீபம்.

தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல். அம்மனை விலக்கித் தன்னை மட்டும் வணங்கும் பிருங்கி முனிவருக்கு இறைவன் அருள முற்படுகிறார். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்கிறாள். சுந்தரர் தூது நடக்கிறார். இந்த ஊடலுக்கென்று ஊரில் ஒரு தெருவே இருக்கிறது. பிருங்கியின் கதைக்குள் இன்னொரு நம்பிக்கையும் பொதிந்திருக்கிறது: உடம்பில் சதையும் ரத்தமும் தாயின் பங்கு, எலும்பும் நரம்பும் தந்தையின் பங்கு. சக்தியை மதிக்காதவரிடமிருந்து அவள் தன் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள, முனிவர் வெறும் எலும்பாகி நிற்க முடியாமல் மூன்றாவது காலைப் பெறுகிறார். எந்த ஆணும் முழு ஆணாக மட்டும் பிறப்பதில்லை என்று சொல்லும் கதை இது.

இத்தனையையும் அடுக்கி, “எங்கள் பண்பாட்டில் இதெல்லாம் எப்போதோ இருந்தது, மேற்கிலிருந்து கற்க ஒன்றுமில்லை” என்று பேசுகிறவர்கள் நிறைய. அதில் உண்மை உண்டு. ஆனால் பாதிதான். மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் குறிக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆணின் பெண்குரலுக்கு மார்கழி. அர்த்தநாரிக்கு இரண்டு நிமிடம். மனைவியின் கோபத்துக்கு ஒரு நாள், ஒரு தெரு. பண்பாடு பால் எல்லையைக் கடப்பதை முற்றாகத் தடுக்கவில்லை. யார், எப்போது, எவ்வளவு நேரம் கடக்கலாம் என்று வகுத்து வைத்தது. சமூகம் பாலினத்தை உருவாக்குகிறது என்பதன் நடைமுறைப் பொருள் இந்தப் பங்கீடுதான்.

இதே மாவட்டத்தில் செய்யாறு பக்கம் உள்ள புரிசை, தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். கூத்தில் பெண் வேடத்தைக் காலங்காலமாக ஆண்களே கட்டினார்கள். துகிலுரிதல் நடக்கும் இரவில் திரௌபதியாக நிற்பவரை ஊர்ப் பெண்கள் அம்மனாகவே பார்த்துக் கைகூப்புவார்கள். விடிந்ததும் அவர் வேடம் கலைத்து வயலுக்குப் போவார். அவருடைய ஆண்மையை எவரும் சந்தேகிப்பதில்லை. உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் நடக்கும் கூத்தாண்டவர் விழா இன்னும் தெளிவான சான்று. களப்பலியாகப் போகும் அரவானை மோகினி வடிவில் கண்ணன் மணந்த கதையை ஒட்டி, திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் தாலியறுத்து வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். வெளியில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்களும் நேர்த்திக்கடனாக அங்கே தாலி கட்டிக்கொள்கிறார்கள். அரவானின் மனைவியாக ஒரு நாள் இருந்துவிட்டு, தங்கள் மனைவி மக்களிடம் திரும்பிப் போகிறார்கள். அந்த ஆண்களுக்குத் திரும்ப ஒரு வீடு இருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகளில் பலருக்கு அது இல்லை.

குறித்த நேரம் முடிந்த பிறகும் கடந்த இடத்திலேயே நிற்பவரைத்தான் ஊர் தண்டிக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ தன்வரலாறும் ஆ. ரேவதியின் எழுத்துகளும் வீட்டில் விழுந்த அடியை, வெளியேற்றத்தை, பிச்சையும் பாலியல் தொழிலும் தவிர வேறு வழியில்லாமல் போன நாட்களைப் பதிவுசெய்திருக்கின்றன. அவர்களை அடித்தவர்களும் அர்த்தநாரியைக் கும்பிடும் மக்கள்தான். சடங்கில் கிடைக்கும் மரியாதை வாழ்க்கைக்குப் பாதுகாப்பாக மாறிவிடாது என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பூகிஸ் மக்கள் ஐந்து பாலினங்களை ஏற்றவர்கள். ஆணும் பெண்ணும் கலந்தவராகக் கருதப்பட்ட பிஸ்ஸு பூசாரிகள் அரச குலச் சடங்குகளையே நடத்தினார்கள். 1950களில் அங்கே மதவாதக் கிளர்ச்சி பரவியபோது அதே பிஸ்ஸுக்கள் வேட்டையாடப்பட்டார்கள்.

இந்தியாவில் அந்தப் பழைய பங்கீட்டின்மேல் ஆங்கிலேயரின் சட்டம் வந்து உட்கார்ந்தது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு தன்பாலின உறவைக் குற்றமாக்கியது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, வட மாகாணங்களில் திருநங்கையரைப் பதிவேட்டில் ஏற்றியது. பெண் உடையில் பொது இடத்தில் வந்தாலோ ஆடினாலோ இரண்டாண்டு வரை சிறை. பண்பாடு குறைந்தபட்சம் திருவிழா நாளையாவது விட்டுவைத்தது. இந்தச் சட்டம் அதையும் பறித்தது. விடுதலைக்குப் பிறகும், வயதுவந்தோரின் இசைவான உறவு 377இன் பிடியிலிருந்து விடுபட 2018 செப்டம்பர் 6 வரை ஆனது.

பாலினக் கட்டுமானம் என்றாலே திருநங்கையரைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. சாதாரண ஆணையும் சாதாரணப் பெண்ணையும் வார்ப்பதும் இதே பட்டறைதான். அண்ணாமலைக்கு நெருக்கமான வல்லாள மகாராஜன் கதையைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் இருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனை நினைவுபடுத்தும் கதை. அடியாராக வந்த சிவன் தாசி ஒருத்தியைக் கேட்கிறார். ஊரில் ஒருத்தியும் கிடைக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காக்க அரசன் தன் இளைய ராணி சல்லமாதேவியை அனுப்புகிறான். அவள் தொட்டதும் இறைவன் குழந்தையாகிவிடுகிறார். பிள்ளையில்லாத அரசனுக்கு இறைவனே மகனாகி, ஆண்டுதோறும் மாசியில் பள்ளிகொண்டாப்பட்டில் நீத்தார் கடன் செய்கிறார். மனத்தை உருக்கும் சடங்கு அது. என்றாலும் அது சொல்லித்தரும் பாடங்களையும் பார்க்கத்தான் வேண்டும். மனைவியைத் தருவது அரசனின் தியாகமாகிறது, ராணியின் ஆசை தாய்மையாக மட்டுமே நிறைவடைகிறது, கடைத்தேற ஆண் வாரிசு வேண்டும் என்பதைக் கடவுளே உறுதிசெய்கிறார். கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்ற அந்த நம்பிக்கையின் கொடிய முனை எங்கே போய் முடிந்தது என்பதற்கு, 1992இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்ததே சாட்சி.

வழக்கம் மாறாது என்பவர்களுக்கு இதே கிரிவலப் பாதையில் பதில் இருக்கிறது. காவ்யகண்ட கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சி, பெண்கள் துறவு பூணலாமா, ஞானம் பெற்ற பெண்ணின் உடலை எரிப்பதா அடக்கம் செய்வதா என்று கணவர் மூலம் ரமணரிடம் கேட்டார். 1917ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த உரையாடல் ‘ரமண கீதை’யில் இருக்கிறது. தடையில்லை, ஆணுக்கு உள்ளதே பெண்ணுக்கும் என்றார் ரமணர். அது ஏட்டோடு நிற்கவில்லை. 1922 மே 19 அன்று தாயார் அழகம்மாள் மறைந்தபோது அவர் உடல் தகனம் செய்யப்படாமல் சமாதி வைக்கப்பட்டது. இன்று அங்கே மாத்ருபூதேசுவரர் சன்னிதி. அன்றாடம் பூசை நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு நிமிடமாக இல்லாமல் தினமும். ஒரு பெண் கேட்ட கேள்வியும் ஒருவர் எடுத்த நேரடியான முடிவும் அதற்குப் போதுமாயின.

தமிழகத்தில் அப்படிப்பட்ட முடிவுகள் கடந்த இருபதாண்டுகளில் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் எடுக்கப்பட்டன. 2008 ஏப்ரல் 15 அன்று நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கைகள் நலவாரியம் அமைந்தது. சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2014இல் அதே தேதியில், தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. காவல் துறைத் தேர்வில் மறுக்கப்பட்ட பிரித்திகா யாஷினி 2015இல் வழக்கில் வென்று உதவி ஆய்வாளரானார். நாயகி பாவத்தை ஆடுவதில் பெயர்பெற்ற நர்த்தகி நடராஜுக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாணிக்கவாசகர் பாட்டில் ஏற்ற குரலை வாழ்க்கையாகவே ஏற்ற ஒருவருக்கு வந்த சிறப்பு என்பதால், அது மற்ற விருதுகளைவிடக் கனமானது.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பும் அதே அளவுக்கு முக்கியமானது. கோயிலில் நடந்த திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவாளர்கள் ஏற்க மறுத்த வழக்கு. மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்ற அவர், இடைப்பாலினக் குழந்தைகளின் உடலைப் பிறந்த உடனேயே ஆணாகவோ பெண்ணாகவோ வெட்டிச் சீராக்கும் அறுவைக்கும் தடை விதிக்குமாறு அரசைப் பணித்தார். அதே ஆண்டில் அரசாணை வந்தது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பிடுங்கிய உலகத்துக்கு, ஒரு மாநிலம் சொன்ன மறுமொழியாகவே அதைக் கொள்ளலாம்.

2021இல் இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு வேண்டும் என்று உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே தீர்ப்பெழுதினார். தன்பாலின ஈர்ப்பை ‘குணப்படுத்தும்’ சிகிச்சைக்கு அவர் தடை விதித்தார். வளர்ப்பும் ஊரும் தன் மனத்தையும் வடித்திருக்கின்றன என்று ஒரு நீதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது எளிய காரியமல்ல. 2025 மே மாதம் இன்னொரு அமர்வு, திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி என்றில்லை என்றது.

இன்னும் முடியாதது வேலையும் படிப்பும். தமிழகம் 2015இல் திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை அந்த இடத்தைப் பெறப் போனால் தன் சாதிக்குரிய ஒதுக்கீட்டை விட்டுவிட வேண்டும். பாலினத்துக்கு ஒரு கதவு திறந்தால் சாதியின் கதவு மூடுகிறது. செயற்பாட்டாளர் கிரேஸ் பானு உள்ளிட்டோர் பல ஆண்டுகளாகக் கேட்பது கிடைமட்ட ஒதுக்கீடு: ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் ஒரு பங்கு. 2021இல் கர்நாடகம் அரசுப் பணியில் ஒரு விழுக்காடு தந்துவிட்டது. நலவாரியத்தை முதலில் அமைத்த தமிழ்நாடு இதில் பின்தங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவைக் கொண்டுவரலாம்.