கூப்பிடும் பெயருக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஓவியர் ரெம்பிராண்ட் தம் மகள்கள் மூவருக்குமே கொர்னேலியா என்றுதான் பெயர் வைத்தார். 1638இல் பிறந்த குழந்தையும் 1640இல் பிறந்த குழந்தையும் சில வாரங்களிலேயே இறந்துவிட்டன. 1654இல் பிறந்தவள்தான் தங்கினாள். பின்னாளில் பதேவியாவுக்குக் கப்பலேறி, அங்கே பிறந்த தன் மகனுக்கு ரெம்பிராண்ட் என்று பெயரிட்டாள். அப்படி விடாமல் வைத்த கொர்னேலியா யாருடைய பெயர்? ரெம்பிராண்டின் தாயுடையது. ஆனால் அந்த அம்மையாரை லெய்டன் ஆவணங்களில் நேல்ட்யே என்றே பார்க்கிறோம். இரண்டும் ஒரே பெயரின் வடிவங்கள் என்று அறியாதவருக்குப் பாட்டியையும் பேத்திகளையும் இணைக்கும் நூல் தட்டுப்படாது. ரெம்பிராண்டின் மகன் டைட்டஸ் இன்னும் சிக்கல். அந்தப் பெயர், அவன் பிறந்த 1641இல் மறைந்த பெரியம்மா டிட்டியாவின் பெயருக்கு ஆண் வடிவம்.

டச்சுப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு நான் உதவி வருகிறேன். "தாத்தா பெயர் கோஸ்" என்று வருவார்கள். பதிவேட்டில் யாக்கோபஸ் இருப்பார். அதே யாக்கோபஸ் இன்னொரு வீட்டில் யாப், வேறொரு வீட்டில் ஷாக். கத்தோலிக்கப் பாதிரியார்கள் லத்தீனில் எழுதியதால், ஊரார் டிர்க் என்று கூப்பிட்டவர் ஞானஸ்நான ஏட்டில் தியடோரஸ் ஆகிவிடுவார். 1811இல் நாடு முழுவதும் அரசுப் பதிவு வந்த பிறகும் இந்தக் குழப்பம் தீரவில்லை.

இதற்கு மருந்தென்று சிலர் குடும்ப மரத்தில் எல்லாப் பெயர்களையும் 'திருத்தி' எழுதுகிறார்கள். நேல்ட்யேக்கள் எல்லாம் கொர்னேலியா ஆகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நேல்ட்யே என்றே ஞானஸ்நானம் பெற்று, நேல்ட்யே என்றே புதைக்கப்பட்ட பெண்கள் ஏராளம். அவர்கள் ஒருநாளும் சூடாத பெயரை நாம் சூட்டக் கூடாது. ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மாற்று வடிவத்தைப் பக்கத்தில் குறியுங்கள்.

இன்றும் நெதர்லாந்தின் அரசுப் பதிவில் கூப்பிடும் பெயருக்கு இடமில்லை. உலகம் யோஹான் க்ரைஃப் என்று கொண்டாடிய கால்பந்து வீரர், பதிவில் ஹெண்ட்ரிக் யோஹானஸ். அவர் புகழ்பெற்றவர், தப்பினார். மற்றவர்களின் கூப்பிடும் பெயர் பிறப்பு அறிவிப்பு அட்டையிலும் நாளிதழ் மரண அறிவிப்பிலும்தான் மிஞ்சுகிறது. ஹேக் நகரிலுள்ள குடும்ப வரலாற்று மையம் இத்தகைய அறிவிப்புகளைச் சேர்த்து வைத்திருப்பது பெரும் தொண்டு. அரசுப் பதிவிலும் கூப்பிடும் பெயருக்கென ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் நிரப்பினால் போதும். அதுவரை, குடும்ப மரம் வரைகிறவர்கள் வீட்டு முதியவர்களிடம், தேதிகளை விசாரிக்கும் முன் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தேதியை ஏட்டில் தேடிக்கொள்ளலாம்.