பெஞ்சில் கழிந்த மூன்று ஆண்டுகள்

2019-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கலூசா நகரில், லூயிசியானா மாநில சர்வகலாசாலையின் அமெரிக்கக் கால்பந்து அணி, தன்னைத் தொடர்ந்து எட்டு முறை தோற்கடித்திருந்த அலபாமா சர்வகலாசாலை அணியை 46-க்கு 41 என்ற கணக்கில் வென்றது. அந்த ஜயத்தை ஈட்டித் தந்தவரும், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குமான ஜோ பர்ரோவைத் தோழர்கள் தோளில் சுமந்து மைதானத்தினின்றும் வெளியே கொண்டுவந்தார்கள். அன்று மட்டும் அவரைக் கண்டவர்கள், திடீரென்று உதித்த நட்சத்திரம் என்று அவரை எண்ணியிருக்கக்கூடும். அந்த எண்ணம் அவருக்கும் நியாயமன்று, அவரைப் பக்குவப்படுத்தியவர்களுக்கும் நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கே, வறுமை மிகுந்த ஏதன்ஸ் வட்டாரத்தில் வளர்ந்தவர் பர்ரோ. தந்தை கால்பந்துப் பயிற்சியாளர். 2015-இல் ஒஹாயோ மாநில சர்வகலாசாலையில் சேர்ந்த அவர், முதலாண்டு ஆட்டம் எதிலும் இறங்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும், முடிவு ஏறக்குறைய நிச்சயமாகிவிட்ட ஆட்டங்களின் இறுதியில் கிடைத்த சொற்ப அவகாசமே அவருடைய பங்கு. 2017 ஆகஸ்டில் எறியும் கை எலும்பு முறிந்தது; மாற்று ஆட்டக்காரர் என்ற இரண்டாம் இடமும் டுவேன் ஹாஸ்கின்ஸ் என்ற மற்றோர் இளைஞருக்குப் போயிற்று. ஹாஸ்கின்ஸ் 2018-இல், எதிரணியின் எல்லையைக் கடந்து புள்ளி பெற்றுத்தரும் டச்டவுன் எறிதல்கள் 50 எறிந்தவராதலால், அங்கிருந்த பயிற்சியாளர்கள் பிழையாகத் தேர்ந்தார்கள் என்று எவரும் குறை கூற முடியாது. மூன்று ஆண்டுகளில் பர்ரோவுக்கு வாய்த்த எறிதல்கள் மொத்தம் 39. டஸ்கலூசாவில் அந்த ஒரே பிற்பகலில் அவர் எறிந்தவையும் 39. அவற்றுள் 31 தோழர்களின் கைகளைச் சேர்ந்தன, 393 யார் தூரம் கிடைத்தது.

அமெரிக்கக் கால்பந்தில் பதினொருவர் ஓரணி. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறியாக வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கே வருகிறது. அதன்பின், தன்னைத் தரையில் வீழ்த்தவென்றே பாய்ந்து வரும் தேகபலம் மிக்கவர்களுக்கு எதிரே நின்று, எதிரணியின் வியூகத்தைக் கண்ணால் படித்து, ஓடும் தோழர்களுள் எவர் எந்தக் கணத்தில் தனித்து நிற்பார் என்பதை முன்கூட்டியே நிர்ணயித்து எறிய அவருக்கு இரண்டு மூன்று விநாடிகளே உண்டு. கையின் வலிமை பிறவியில் அமையலாம்; இந்த வாசிப்புத் திறன், ஆட்டப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தும், பயிற்சிக் களத்தில் ஒரே அசைவை அலுக்காமல் செய்தும் மட்டுமே கைகூடுவது. பெஞ்சில் அமர்ந்திருந்தவரின் காலத்தை வீண் காலம் என்று நான் கொள்ளாததற்கு இதுவே காரணம்.

2018 மே மாதத்தில், நான்காண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்துப் பட்டம் பெற்ற கையோடு பர்ரோ லூயிசியானாவுக்குச் சென்றார். பட்டதாரிகள் வேறு சர்வகலாசாலைக்கு மாறினால் ஓராண்டு விலகியிராமல் உடனே ஆடலாம் என்ற விதி அவருக்குக் கைகொடுத்தது. முதலாண்டு சாதாரணமாகவே கழிந்தது; நூற்றுக்கு ஐம்பத்தெட்டுக்கும் குறைவான எறிதல்களே இலக்கை எட்டின; அலபாமா அணி 29-க்கு 0 என்று, சொந்த மைதானத்திலேயே அவர்களைப் புள்ளியே பெறாமல் அடக்கியது. எனினும் 2019 புத்தாண்டு நாளில் மத்திய புளோரிடா சர்வகலாசாலைக்கு எதிரான ஆட்டத்தில், தொடக்கத்திலேயே பந்தைப் பறிகொடுத்து, பலத்த மோதலில் நிலைகுலைந்து விழுந்த பர்ரோ, எழுந்து வந்து நான்கு டச்டவுன்கள் எறிந்து அணியை வெற்றிபெறச் செய்தார். அந்த நெஞ்சுரத்தைக் கூர்ந்து கவனித்தவர்கள் பின்னர் நிகழ்ந்தவற்றைக் கண்டு அத்தனை ஆச்சரியம் அடைந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து நிகழ்ந்ததை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். தலைமைப் பயிற்சியாளர் எட் ஆர்ஜெரான், நியூ ஆர்லியன்ஸின் தொழில்முறை அணியில் இருந்த 29 வயது ஜோ பிரேடியை வரவழைத்து, எறியும் ஆட்டத்தைப் புதிதாக அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அறுபது வயதான ஸ்டீவ் என்ஸ்மிங்கர், தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பாளராகத் தொடர்ந்தபடியே, தம் வயதில் பாதியளவே நிரம்பிய ஒருவருக்கு மனமுவந்து இடம் கொடுத்தார். பலம் கொண்டு முட்டி மோதி முன்னேறும் தங்கள் பழைய சம்பிரதாயத்தை விட்டு, ஐவரைக் களமெங்கும் பரவி ஓடவிட்டு, முடிவை எறிபவரின் விவேகத்துக்கே விட்டுவிடும் முறையை அவர்கள் மேற்கொண்டார்கள். மாணவனின் வளர்ச்சியைப் பற்றி விரிவாகப் பேசும் நாம், அதற்காக ஆசிரியர்கள் தங்கள் பழக்கத்தைத் துறக்க நேர்வதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்!

பலன் விரைவில் தெரிந்தது. செப்டம்பரில் டெக்ஸாஸ் அணிக்கு எதிராக, ஆட்டம் முடியுந் தறுவாயில், மூன்றாம் முயற்சியில் 17 யார் தேவைப்பட்ட நெருக்கடியில், பர்ரோ பின்வாங்காமல் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்த பந்து 61 யார் ஓடி டச்டவுனாயிற்று. அலபாமாவில் இடைவேளையின்போது 33-க்கு 13 என்று முன்னணியில் இருந்த அணி, எதிரணி மெல்ல மெல்ல நெருங்கி 39-க்கு 34 என்று வந்து நின்றபோதும் கலங்கவில்லை. மறுமுறை பந்து கிடைத்ததும் நிதானமாக முன்னேறி மேலும் ஒரு டச்டவுனைச் சேர்த்தது. அந்தப் பருவத்தின் 15 ஆட்டங்களிலும் ஜயம் அவர்களுடையதே. 2020 ஜனவரி 13 அன்று, தொடர்ந்து 29 ஆட்டங்களில் வென்றிருந்த கிளெம்சன் அணியை 42-க்கு 25 என்று வீழ்த்தித் தேசிய பட்டத்தையும் பெற்றார்கள். பர்ரோவின் டச்டவுன் எறிதல்கள் 60. உயர்நிலைக் கல்லூரிக் கால்பந்தில் ஒரே பருவத்தில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது.

2019 டிசம்பரில், கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் விருதை ஏற்றபோது அவர் கண்ணீரோடு நினைவுகூர்ந்தது, தம் ஏதன்ஸ் வட்டாரத்தில் வீட்டில் உண்ண அதிகம் இல்லாத சிறுவர் சிறுமியரை. அதைக் கேட்ட ஊர்க்காரர் ஒருவர் தொடங்கிய நிதியில், அங்குள்ள உணவு வங்கிக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. காத்திருந்த ஆண்டுகள் அவருக்குக் கசப்பைத் தரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

இன்று விதிகள் மாறிவிட்டன. பட்டம் பெறாதவர்களும் படிப்பில் தகுதி குன்றாதவரை எத்தனை முறை வேண்டுமானாலும் சர்வகலாசாலை மாறி உடனே ஆடலாம் என்ற நிலை 2024 முதல் ஏற்பட்டிருக்கிறது. விரும்பாத இடத்தில் ஓர் இளைஞனைக் கட்டிவைப்பதை நான் ஆதரிக்கவில்லை. பர்ரோவுக்கே அந்தக் கதவு திறந்திராவிட்டால் டஸ்கலூசாவின் வெற்றி இல்லை. ஆனால் ஒரு பருவம் பெஞ்சில் அமர நேர்ந்தவுடனே வேறிடம் தேடிப் புறப்படுவது வழக்கமாகிவிட்டால், அந்த மூன்று ஆண்டுகள் அவருக்குக் கற்பித்ததை வேறெவரும் கற்கப்போவதில்லை. படிப்பை முடித்தவனுக்கு முழுச் சுதந்திரம், முடிக்காதவனுக்கு ஓராண்டுப் பொறுமை என்ற பழைய ஏற்பாட்டையே, உதவித்தொகையிலும் உடல்நலப் பராமரிப்பிலும் மாணவனுக்கு உறுதியான பாதுகாப்பளித்து, சர்வகலாசாலைகள் மீண்டும் கைக்கொள்ள வேண்டும் என்று நான் கோருகிறேன்.