பெயர் தெரியாத மிஸ்



புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அந்தத் தாய் படலையடியிலேயே என்னை மறித்துக் கொண்டார். "பிள்ளை, நீர் அந்தக் கடித விசயமா வந்தனீர் எண்டு தெரியும். அவளை அனுப்பிற யோசினை எனக்கில்லை" என்றார். மகளுக்குத் தாதியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை. இரண்டாம் தரம் எடுத்துத்தான் புள்ளி போதுமானதாய் வந்தது. பதில் அனுப்புவதற்கு இன்னும் எட்டு நாட்கள் இருந்தன.

கணவர் 2009இல் காணாமற்போனவர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். பிள்ளை மூன்று வருடம் விடுதியில் போய் நின்றால் வேலைக்குக் கை குறையும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தபிறகு அவர் எடுத்துக்காட்டியது ஒரு கொப்பி. மகளின் படிப்புக்கு யார் யார் என்ன தந்தார்கள் என்று திகதி போட்டு எழுதியிருந்தார். ரியூசன் காசு தாய்மாமன். சைக்கிள் வெளிநாட்டிலிருக்கும் ஒரு குடும்பம். புத்தகம் கோயில் சபை. அந்த மாமன் இப்போது தன் மனைவியின் தம்பிக்குப் பெண் கேட்கிறார். "என்ர காசில படிச்சவள், என்ர சொல்லைக் கேக்கத்தானே வேணும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். தாய்க்கு அது நியாயமாகவே பட்டது. "நன்றி மறந்த சனம் எண்டு பேர் வரக்கூடாது, பிள்ளை."

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் அன்பளிப்பைப் பற்றி எழுதியதை வாசித்திருக்கிறேன். எந்தக் கொடையும் சும்மா வருவதில்லை, திருப்பிக் கொடுக்கவேண்டிய கட்டாயத்தையும் கூடவே கொண்டுவருகிறது என்பது அவர் கண்டது. பரீட்சைக்காகப் பாடமாக்கிய விடயம் அது. பதினைந்து வருடமாக நிவாரணத்தையும் உதவித்தொகையையும் வாங்கிய எங்கள் ஊர்ப் பெண்களோடு பழகியபிறகுதான் அது எனக்கு விளங்கியது. தந்தவருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது, எந்த அளவோடு நிறுத்துவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காசாய்க் கொடுக்க வழியில்லாதவள் தன் மகளின் வாழ்க்கையையே கொடுத்துவிட நினைக்கிறாள்.

நான் அன்று வாதாடவில்லை. வாதாடி வெல்லக்கூடிய இடமாக அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாதியிடம் தாயையும் மகளையும் கூட்டிப்போனேன். எங்கள் மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறார். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இரவுக் கடமை முடித்து வந்தவர், தலையும் பின்னாமல் திண்ணையில் இருந்து கதைத்தார்.

2009இல் அவருக்குப் பதினாறு வயது. பெப்ரவரி முதற் கிழமையில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் ஷெல் விழுந்து, சர்வதேச செஞ்சிலுவைக் குழு நோயாளிகளை அங்கிருந்து வெளியேற்றியதும், புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடமே வைத்தியசாலையானதும் எங்களில் பலர் கண்ணால் கண்டவை. இவர் தொடையில் காயத்தோடு அந்தப் பள்ளிக்கூட விறாந்தையில் நான்கு நாள் கிடந்தார். "கட்டுறதுக்குத் துணி இல்லை. ஒரு மிஸ் ஆற்றையோ சீலையைக் கிழிச்சு, அவிச்சுக் காயவைச்சுக் கட்டினவ. கட்டேக்க 'நீ என்ன வகுப்பு படிக்கிறாய்' எண்டு கேட்டவ. பத்து எண்டன். 'அப்ப ஓஎல் எடுக்கவேணும், காலை ஆட்டாதை' எண்டவ. செத்துப்போவன் எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கிறன், அவ ஓஎல் எண்டு சொல்லுறா!" சொல்லிவிட்டுச் சிரித்தார். கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றப்பட்டபோது அந்தத் தாதியைக் கடைசியாகக் கண்டது. பெயர் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது.

பிறகு செட்டிகுளம் முகாம். அங்கே கூடாரத்தில் படித்துச் சாதாரண தரம் எழுதினார். ஊருக்குத் திரும்பி விஞ்ஞானப் பிரிவு எடுத்தால் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் பஸ் ஏறி வேறு ஊரில் ரியூசன். பயிற்சிக் கல்லூரிக்குப் போனபோது அவருடைய அம்மாவுக்கும் இதே பயம் இருந்ததாம். பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் கொடுப்பனவு வரும் என்பதை அந்த அம்மா முதல் காசு கையில் வந்தபிறகுதான் நம்பினாராம்.

டிப்ளோமாவோடு நிறுத்தியிருக்கலாம். வேலை நிரந்தரம், ஓய்வூதியமும் உண்டு. ஆனால் வார்ட்டில் ஒருநாள் ஒரு வைத்தியர் ஏன் ஒரு மருந்தை நிறுத்தினார் என்று ஒரு நோயாளியின் மகள் கேட்டாளாம். மருந்தை நிறுத்தத் தெரிந்த இவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் திறந்த பல்கலைக்கழகத்துத் தாதியியல் பட்டத்துக்கு விண்ணப்பித்தார். வேலை செய்துகொண்டே படிக்கும் தாதியருக்கென்று 1990களில் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு தொடங்கிய பாடநெறி அது. படிப்பு முழுவதும் ஆங்கிலம். "ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம். அகராதியைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டுதான் நித்திரை" என்றார். இரவுக் கடமை முடித்து, முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு, அன்றிரவே மறுபடி கடமைக்கு வந்த நாட்களும் உண்டாம்.

அப்போதுதான் தாய் தன் மனதில் கிடந்த மற்றப் பயத்தையும் எடுத்துவிட்டார். "இங்கிலீசும் படிச்சால் வெளிநாட்டுக்கெல்லோ போயிடுவினம்?"

அந்தப் பயத்தைப் பகிடியாக எடுக்க முடியாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போய் உழைக்க வழி திறந்தபோது தாதியரும் போனார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். அமெரிக்கர் ஆண்ட காலத்திலேயே அங்கே தாதியர் கல்வி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. 1922இல் அனஸ்தாசியா ஹிரோன் துபாஸ் என்ற தாதி அந்நாட்டுத் தாதியர் சங்கத்தை நிறுவினார். 1948இல் அமெரிக்கா பரிமாற்றத் திட்டமொன்றைத் தொடங்கியதும் பயிற்சிக்கென்று போனவர்கள் பலர் அங்கேயே தங்கினார்கள். இன்று உலகமெங்கும் பிலிப்பினோ தாதியர் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் காசில் தம்பி தங்கைகள் படிக்கிறார்கள், வீடு எழும்புகிறது. அந்த நாட்டுக் கிராமத்து வைத்தியசாலைகளிலோ ஆளில்லை. தன்னைப் படிப்பித்த குடும்பத்துக்குச் செய்யும் கைம்மாறும் ஊருக்கு வரும் இழப்பும் அங்கே ஒரே விமானத்தில் ஏறுகின்றன.

எங்களுக்கும் இது புதிதில்லை. மானிப்பாயில் 1848இல் வைத்தியசாலை தொடங்கிய சாமுவேல் கிறீன் ஐயா மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்கத் துணிந்ததற்கு ஒரு காரணம், ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதுதான். தமிழில் படித்தவர்கள் கிராமத்திலே நிற்பார்கள் என்று எண்ணினார். என்னைக் கேட்டால், ஒரு பெண்ணை ஊரில் நிறுத்துவதற்காக அவள் படிக்கும் மொழியைக் குறுக்கிவைப்பது சரியென்று நான் சொல்லமாட்டேன். அவள் போவதை நினைத்து வருந்தாமலும் என்னால் இருக்க முடியாது.

மிஸ் தாய்க்கு மறைக்காமல் பதில் சொன்னார். "எனக்கும் கேட்டு வந்தது, அம்மா. என்னோட படிச்ச ரெண்டு பேர் இங்கிலாந்தில நிக்கினம். நான் இன்னும் முடிவெடுக்கேல்லை. நான் நிக்கிறது நன்றிக்காக எண்டு சொன்னால் பொய். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் முதற் காரணம்." சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அந்த மாத்தளன் மிஸ்ஸுக்கு நான் ஒண்டும் திருப்பிக் குடுக்கேலாது. அவ ஆரெண்டே தெரியாதே. அதால காயத்தோட வாற பிள்ளையளிட்ட நான் என்ன வகுப்பு எண்டு கேப்பன். உங்கட கொப்பியில இருக்கிறவைக்கு மகள் சம்பளம் எடுத்துக் காசைக் குடுக்கலாம். காசுக்குக் காசு. கலியாணத்தை ஏன் குடுப்பான்?"

தாய் ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் விடுதியில் தண்ணீர் எப்படி, வெள்ளைச் சப்பாத்து எங்கே வாங்குவது, இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் கிழமை எல்லாருக்கும் சுற்றும் என்றார் மிஸ்.

இந்த இடத்தில் மற்றத் தாய்மாருக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்த பிள்ளைகளிடமிருந்து சுகாதார அமைச்சு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோரும்போது தவறவிடாதீர்கள். பயிற்சி மூன்று வருடம். இசட் புள்ளி கூட இருந்தால் யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களில் நான்கு வருடத் தாதியியல் பட்டத்துக்கே நேராகப் போகலாம். அதற்கு விண்ணப்பிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு. இரண்டும் வேறு வேறு விண்ணப்பங்கள். ஒன்றைப் போட்டால் மற்றதும் சரி என்று நினைத்து ஏமாந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாய் யன்னலோரம் இருந்து கொப்பியை எடுத்தார். மாமன் தந்த காசைக் கூட்டிப் பார்த்தார். ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் கூட. "ரெண்டு வருசத்தில குடுக்கலாமோ?" என்று மகளைக் கேட்டார். மகள் விரல் மடித்துக் கணக்குப் பார்த்து, வேலை கிடைத்தபிறகென்றால் முடியும் என்றாள். பதில் கடிதம் கடைசி நாளுக்கு முதல்நாள் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலாகப் போய்விட்டது. மாமன் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம்.

இறங்கும்போது அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "உந்த மாத்தளன் மிஸ் ஆரெண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாக்கேலாதோ, பிள்ளை?"

அதனால்தான் இம்முறை இதை எழுதுகிறேன். 2009 பெப்ரவரியில் புதுமாத்தளன் பள்ளிக்கூட விறாந்தையில் தொடைக் காயத்தோடு கிடந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு, சீலை கிழித்துக் கட்டி, ஓஎல் எடுக்கவேண்டும் என்று சொன்னவர் நீங்களாக இருந்தால், அல்லது அவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தப் பக்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்தப் பிள்ளை ஓஎல் எடுத்துவிட்டாள்.